வெற்றிடக்குழாய்க் கிதார் மிகைப்பியில் ஒலித்திரிபு

ஒலித்திரிபு என்பது ஒரு மிகைப்பியினுள் செல்லும் குறிகையின் அலைவடிவம், வெளிவரும்போது மாறுபட்டிருப்பதைக் குறிக்கும். மிகைப்பி பேச்சுவழக்கில் ஆம்ப்ளிஃபயர் எனப்படுகிறது. வால்வு எனப்படும் வெற்றிடக்குழாய்களால் இயங்கும் பழைய கிதார் மிகைப்பிகளில் ஒலித்திரிபு இரு வகைப்படும். ஒன்று கலைஞர் விரும்பி உருவாக்குவது. மற்றொன்று பழுதினால் ஏற்படுவது.

வரலாறு

பழுதே புதிய ஒலிக்கு வழிவகுத்ததும் உண்டு. 1951 இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் பதிவு செய்யப்பட்ட "ராக்கெட் 88" பாடலில், வழியில் சேதமடைந்த கிதார் மிகைப்பியின் கரகரப்பு அப்படியே இடம்பெற்றது. இந்தியாவில், 1954 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெற்றிடக்குழாய்களைத் தயாரித்தது. டிரான்சிஸ்டரின் வரவால் இவற்றின் பயன்பாடு குறைந்தது.

பழுதை இனங்காணல்

விரும்பி உருவாக்கும் திரிபு, ஒலியளவைக் கூட்டும்போது தோன்றிக் குறைக்கும்போது மறையும். குறைந்த ஒலியளவிலும் நீடிக்கும் திரிபும், மிகைப்பி சூடேறியபின் வளரும் திரிபும் பெரும்பாலும் பழுதின் அறிகுறிகளாகும்.

சோதிக்கும் வரிசை

1. கிதாரையும் இணைப்புக் கம்பியையும் மாற்றிப் பார்த்தல்.
2. மின்சாரத்தை நிறுத்தியபின், அதே மின்மறுப்புள்ள வேறு ஒலிபெருக்கியை இணைத்தல். ஒலி தெளிந்தால் பழைய ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்திருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாமல் மிகைப்பியை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி கெடக்கூடும்.
3. இசிசி83 போன்ற முன்நிலைக் குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல்.
4. இஎல்84 போன்ற திறன் குழாய்களை நோக்குதல். உள்ளிருக்கும் நேர்மின்வாய்த் தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.
5. இணைப்பு மின்தேக்கிகளை அளத்தல். இவை ஒலிக்குறிகையை மட்டும் விட்டு, நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டும். கசிந்தால் அடுத்த குழாயின் கட்டுப்பாட்டு வலைக்கு நேர்மின்னழுத்தம் சென்று, மின்னோட்டம் மிகும். இந்நிலையில் குழாயை மட்டும் மாற்றினால் புதிய குழாயும் கெடும். பழைய காகித மின்தேக்கிகள் ஈரப்பதத்தால் கசிவது வழக்கம்.
6. மின்வழங்கியின் மின்பகு மின்தேக்கிகளைச் சோதித்தல். இவை உலர்ந்தால் இரைச்சலும் தெளிவற்ற ஒலியும் தோன்றும்.

மின்னழுத்தம்

ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கென அமைந்த அமெரிக்க மிகைப்பியை இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்தில் இயக்க, இறக்கு மின்மாற்றி தேவை. மாறாக, மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் குழாயின் சூடேற்றி போதிய வெப்பம் பெறாது; எதிர்மின்னி உமிழ்வு குறைந்து, குறைந்த ஒலியளவிலேயே திரிபு ஏற்படும். ஆகவே, குழாய்களைக் குறை கூறுமுன் வீட்டு மின்னழுத்தத்தை அளப்பது நன்று.

பாதுகாப்பு

இம்மிகைப்பிகளின் உள்ளே பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உள்ளது. மின்செருகியைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். அதனைத் தக்க மின்தடை வழியாக வெளியேற்றி, அளவியால் உறுதி செய்த பின்னரே உட்பாகங்களைத் தொடலாம். உரிய பயிற்சி இல்லாதோர் பெட்டியைத் திறத்தலாகாது.