'இந்தியன் ஒப்பீனியன்' இதழும் சக இதழாளர் மதிப்பீடும்

முன்னுரை

ஓர் இதழின் சிறப்பை ஆராய முற்படுவோர், அதன் சந்தாதாரர் தொகை, வெளிவந்த காலம், எழுப்பிய சிக்கல்கள் ஆகியவற்றோடு சக இதழாளரின் பாராட்டையும் சான்றாகக் கொள்வர். தொழிலின் அருமை அறிந்தோர் கூறுவதாதலின் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எனினும், அப்பாராட்டு எம்மொழியில் எழுந்தது, அதனை யார் படித்தனர், யார் படிக்க இயலாதிருந்தனர் என்னும் வினாக்களை எழுப்பாமல் அதனை அப்படியே ஏற்றல் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் வழிகாட்டலில் நடந்த 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழை முன்வைத்து இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழின் தோற்றமும் தற்சார்பும்

1903ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் டர்பனில் இவ்விதழ் தோன்றியது. அச்சகம் மதன்ஜித் வியாவகாரிக்குடையது. முதல் ஆசிரியர் மன்சுக்லால் நாசர். ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் பகுதிகள் இடம்பெற்றன. 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர் என்பதை நோக்கத் தமிழ்ப் பகுதியின் இன்றியமையாமை புலனாகும்.

எழுதுவதோடு பணச்சுமையையும் காந்தியே ஏற்றார். ஒரு கட்டத்தில் மாதந்தோறும் 75 பவுன் வரை இதழுக்குச் செலவிட நேர்ந்ததாக அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். போராட்டம் உச்சத்தில் இருந்தபோதும் சந்தாதாரர் தொகை 3,500 அளவிலேயே நின்றது. அவ்வாறிருந்தும் 1912இல் விளம்பரங்கள் அறவே நிறுத்தப்பட்டன. அரசையோ வணிகரையோ சாராது கருத்துரைக்கும் உரிமைக்காக ஓர் இதழ் தன் வருவாயைத் தானே துறந்தது என்பது இதழியல் வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும்.

உழைப்பாக வெளிப்பட்ட பாராட்டு

இவ்விதழுக்குக் கிடைத்த முதற்பாராட்டு சொல்லாக அன்றி உழைப்பாகவே வெளிப்பட்டது எனலாம். ஜோகன்னஸ்பர்க்கில் அச்சுத்தொழிலில் பங்காளியாக இருந்த ஆல்பர்ட் வெஸ்ட், அதனை விட்டு டர்பன் சென்று அச்சகப் பொறுப்பை ஏற்றார். எதிர்பார்த்த இலாபம் அங்கு இல்லை என்று கண்டறிந்து காந்திக்கு எழுதியவர் அவரே. அதன் பின்னரும் அவர் விலகவில்லை. 'கிரிட்டிக்' என்னும் டிரான்ஸ்வால் இதழின் துணையாசிரியரான ஹென்றி போலாக், அப்பணியைத் துறந்து இவ்விதழுக்கு வந்து பின்னர் ஆசிரியரானார். காந்தியின் முதல் வாழ்க்கை வரலாற்றை 1909இல் வெளியிட்ட பாதிரியார் ஜோசப் டோக், காந்தியும் போலாக்கும் இல்லாத வேளையில் ஆசிரியர் பொறுப்பைக் கவனித்தார்.

1904ஆம் ஆண்டின் இறுதியில் அச்சகம் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு மாற்றப்பட்டது. அங்கு எந்திரம் இயங்க மறுத்த இரவில், தச்சர் உட்பட அனைவரும் முறைவைத்துக் கைச்சக்கரத்தைச் சுழற்றி இதழைக் குறித்த நேரத்தில் வெளியிட்டனர். இத்தகைய உழைப்பை எந்தப் பாராட்டுரைக்கும் குறைந்த சான்றாகக் கருத இயலாது.

சொல்லாக வந்த பாராட்டுகளுள் டால்ஸ்டாயின் மடல் தலையாயது. இவ்விதழ் தமக்குக் கிடைத்த மகிழ்ச்சியைக் குறிப்பிட்டே, 1910 செப்டம்பர் 7 நாளிட்ட மடலை அவர் தொடங்குகிறார். அம்மடல் அவர் மறைந்த சில நாட்களில், நவம்பர் 26ஆம் நாள் இதழில் வெளியாயிற்று.

தமிழ்ப் பகுதி இல்லாத ஆண்டுகள்

இப்பாராட்டுகள் குவிந்த காலத்தில் இதழில் தமிழ் இல்லை என்பது ஈண்டு அழுத்தமாகக் கூறத்தக்கது. நாசர் 1906 சனவரியில் மறைந்தார். அடுத்த மாதமே தமிழ், இந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. தகுந்த ஆசிரியரும் அச்சுக்கோப்போரும் கிடைக்காமையே காரணமாகக் கூறப்பட்டது. காந்தி தாமே தமிழ் கற்க முயன்றார். சிறையிலும் அம்முயற்சி தொடர்ந்தது. ஆயினும் தமிழ்ப் பகுதி 1913ஆம் ஆண்டின் இறுதியிலேயே மீண்டும் இடம்பெற்றது.

இவ்விடைப்பட்ட ஆண்டுகளில்தான் டிரான்ஸ்வால் சிறைகளைத் தமிழர் நிரப்பினர். 1909இல் நாகப்பனும் 1910இல் நாராயணசாமியும் உயிர்நீத்தனர். தமிழரின் ஈகத்தைக் காந்தி மனமுவந்து போற்றி எழுதினார். ஆனால், அப்புகழுரைகள் ஆங்கிலத்திலும் குஜராத்தியிலும் அமைந்தன. போற்றப்பட்டோரின் குடும்பத்தினர் தம் மொழியில் அவற்றைப் படிக்க வாய்ப்பில்லை. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தமும் தமிழ்ப் பகுதி திரும்புவதற்கு முன்னரே நிகழ்ந்தது.

மாற்றுக்குரல்: பி.எஸ். ஐயர்

அவ்வாண்டுகளில் தமிழில் அச்சேறிய குரல் பிறிதோர் இதழாளருடையது. பி.எஸ். ஐயர், 'இந்தியன் ஒப்பீனியன்' தோன்றுமுன்னரே நேட்டாலில் இதழ் நடத்தியவர். 1908இல் டர்பனில் 'ஆஃப்ரிக்கன் கிரானிகிள்' என்னும் ஆங்கில-தமிழ் வார இதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் காந்தியை ஆதரித்த அவர், பின்னர்க் கடுமையாக விமர்சித்தார். ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய மூன்று பவுன் வரியை எதிர்த்து 1911இல் அவர் இயக்கம் நடத்தினார். அவ்வரி நீக்கம் சத்தியாக்கிரகத்தின் கோரிக்கையானது 1913இல்தான். 1914இல் வரி நீங்கியது.

ஐயரின் கண்டனங்கள் அனைத்தும் நடுநிலையானவை என்று நாம் கூறவில்லை. போட்டி இதழாளரின் மனக்கசப்பும் அவற்றுள் கலந்திருக்கக்கூடும். எனினும், ஏழைத் தொழிலாளரின் வரிச்சுமையைப் பாராட்டாளர்களினும் முன்னதாக இயக்கமாக்கியவர் அவரே என்பதை மறுத்தற்கில்லை.

முடிவுரை

'இந்தியன் ஒப்பீனியன்' தற்சார்புடைய இதழாக விளங்கியமைக்கு வெஸ்ட், போலாக் முதலியோரின் உழைப்பு உறுதியான சான்றாகும். அவ்வகையில் அது பெற்ற பாராட்டு தகுதியானதே. ஆனால், அப்பாராட்டை மட்டும் கொண்டு வரலாறு எழுதப்படின், போராட்டத்தின் சுமையைத் தாங்கிய தமிழ்த் தொழிலாளர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவ்விதழின் வாசகராக இயலாதிருந்த உண்மை மறைந்துவிடும். எனவே, பாராட்டியோர் எழுத்தோடு ஐயர் போன்ற மறுத்துரைத்தோர் எழுத்தும் ஒருசேர ஆராயப்பட வேண்டும். மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போதும், யார் பாராட்டினர் என்பதோடு தோட்டத் தொழிலாளர் கையில் அவ்விதழ் சேர்ந்ததா என்பதையும் வினவுதல் பயனுடையதாகும்.