சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் உணவல்லாத உயிர்த்திரளிலிருந்து எத்தனால்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலும், அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்திலும் கரும்பு, நிலக்கடலை, நெல், மா ஆகியவை மிகுதியாகப் பயிராகின்றன. இவற்றில் மனிதர் உண்ணாமல் ஒதுக்கும் சக்கை, வைக்கோல், ஓடு, கொட்டை முதலியவற்றிலிருந்து பெட்ரோலில் கலப்பதற்காக எடுக்கப்படும் எரிசாராயம் இரண்டாம் தலைமுறை எத்தனால் எனப்படும்.

தாவரச் செல்சுவர், செல்லுலோசு, ஹெமிசெல்லுலோசு என்னும் சர்க்கரைச் சங்கிலிகளாலும் அவற்றை இறுகப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளாலும் ஆனது. நீர்த்த அமிலத்தாலோ உயரழுத்த நீராவியாலோ இப்பிணைப்பைத் தளர்த்தும் முன்பதப்படுத்தலைச் செய்து, டிரைகோடெர்மா ரீசி என்னும் பூஞ்சை சுரக்கும் நொதிகளால் செல்லுலோசைக் குளுக்கோசாக உடைத்த பின்னரே ஈஸ்ட் அதைச் சாராயமாக்க இயலும். ஒரு கிலோ குளுக்கோசிலிருந்து கோட்பாட்டளவில் 510 கிராம் எத்தனால் கிடைக்கும். ஆனால் ஹெமிசெல்லுலோசிலிருந்து வரும் சைலோசு என்னும் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் நொதிக்கச் செய்வதில்லை என்பதால் ஒரு பகுதி வீணாகிறது.

இம்மாவட்டங்களின் விளைச்சலைக் கொண்டு மட்டும் வாய்ப்பை மதிப்பிடுவது தவறாகும். வெல்லம் காய்ச்சும் இடங்களில் பிழிந்த சக்கை அங்கேயே வெயிலில் உலர்த்தப்பட்டுக் கொப்பரை அடுப்புக்கு விறகாகிறது; கடலைக் கொடியும் வைக்கோலும் கறவை மாடுகளுக்குத் தீவனம்; கடலை ஓடு கொதிகலன்களில் எரிகிறது. சித்தூரிலும் காஜுலமண்டியத்திலும் இயங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் மூடப்பட்டபின் சக்கை ஓரிடத்தில் குவிவதும் குறைந்துவிட்டது.

உண்மையான உபரி மாங்கூழ் ஆலைகளில்தான் உள்ளது. தாமலசெருவு, பங்காருபாளையம் மண்டிகளுக்கு வரும் கிளிமூக்கு மாம்பழம் கூழாக்கப்படும்போது, பழ எடையில் ஏறத்தாழ 35 முதல் 50 விழுக்காடு வரை தோலாகவும் கொட்டையாகவும் வெளியேறி, ஈரத்தோடு குவிந்து விரைவில் அழுகுகிறது. தோலில் கரைந்த சர்க்கரையும், கொட்டைக்குள்ளிருக்கும் பருப்பில் மாச்சத்தும் இருப்பதால், இவற்றுக்குக் கடுமையான முன்பதப்படுத்தல் தேவையில்லை; கொட்டையின் கெட்டியான ஓட்டுக்கு மட்டுமே அது வேண்டும். பருப்பின் துவர்ப்புக்குக் காரணமான டானின் நொதித்தலைத் தடுப்பதும், வரத்து கோடைப் பருவத்தின் சில மாதங்களோடு முடிவதும் பெரிய தடைகளாகும்.

அரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கில் அமைந்தது. அத்தகைய பேராலைக்கு இடைவிடாத வரத்து தேவைப்படுவதால், சித்தூருக்குப் பொருத்தமானவை கூழாலைகளை ஒட்டிய சிறு வடிசாலைகளே. அவற்றில் வடித்தபின் எஞ்சும் கழிவிலிருந்து சாண எரிவாயுவைப் போன்ற வாயுவை எடுத்து, அருகிலுள்ள கொதிகலனுக்கே எரிபொருளாக்கவும் முடியும்.