டிவிஎஸ் 50 முதல் அட்வெஞ்சர் பைக் வரை: ஒரு வாத்தியாரின் வண்டிக் கதை



போன மாதம் பேரன் காதுகுத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பந்தியில் எல்லோர் முன்னாலும் என் மகள், "அப்பாவை அந்த வண்டியை வித்துடச் சொல்லுங்க மாமா, யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறார்" என்றாள். பழைய மாணவன் ஒருவனும், "அறுபத்தஞ்சு வயசுல அட்வெஞ்சர் பைக் எதுக்குங்க சார்?" என்று கேட்டான். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வரலாற்றுப் பாடம் எடுத்த வாத்தியாருக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. சிசி என்றால் கன சென்டிமீட்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு. 200 சிசி என்பது ஒரு டம்ளர் டீ. 50 சிசி என்பது கால் டம்ளர். இந்த டம்ளரை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மோசமான பாதையில் போவதற்கென்று செய்த பைக்கைத்தான் இன்று அட்வெஞ்சர் பைக் என்கிறார்கள். பெயர்தான் புதிது. நம் கோவை மாவட்டத்தில் இந்த ஆசை நூறு வருடத்துக்கு மேல் பழசு. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இருபது வயது வாக்கில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அந்த வண்டி அவரைத் தூங்கவிடவில்லை. தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கு வந்து, ஓட்டலில் சர்வர் வேலை உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்து, காசு சேர்த்து ரட்ஜ் என்ற இங்கிலாந்து வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். 1920-இல் பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில் ஓட்டியதும், அது யுஎம்எஸ் கம்பெனியாக வளர்ந்ததும் பிறகு நடந்தவை. எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி ஒரு மோட்டார் சைக்கிள். வண்டியை ஓட்டினால் மட்டும் போதாது, கழற்றிப் பூட்டவும் தெரியவேண்டும் என்ற நம்மூர் குணம் அன்றே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது புல்லட். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட்டுகளை இங்கிலாந்திலிருந்து வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி அமைந்து, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் தயாரானது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் புல்லட் இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒருவர் பண்ணையக்காரர், இன்னொருவர் இன்ஸ்பெக்டர். 160 கிலோ அளவு எடை. சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஓரம் போய் நிற்போம்.

1960-களில் ராஜ்தூத் வந்தது. 175 சிசி, டூ ஸ்ட்ரோக். மூலம் போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டி. மைசூரில் செய்த ஜாவாவும், 1973 முதல் அதே ஆலையிலிருந்து வந்த யெஸ்டியும் 250 சிசி. பால் கேன், வாழைத்தார், உர மூட்டை என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் போன வண்டிகள் இவை. யாரும் இவற்றை அட்வெஞ்சர் பைக் என்று சொல்லவில்லை. தோட்டத்துக்குப் போகிற வண்டி, அவ்வளவுதான்.

இப்போது 1980-க்கு வருகிறேன். பரீட்சையில் கேட்டால் இந்த ஆண்டை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

அதற்கு முன்பு, 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகருக்கு ஒரு பந்தயம் புறப்பட்டது. பாதி தூரம் சகாரா பாலைவனம். முதல் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவில் ஜெயித்தது 500 சிசி யமஹா. ரோட்டிலும் ஓட வேண்டும், காட்டிலும் ஓட வேண்டும் என்ற ஆசை ஐரோப்பாவில் பரவிய காலம் அது. 1980-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கம்பெனி ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டது. ஜி, எஸ் இரண்டும் ஜெர்மன் மொழியில் காட்டுப்பாதை, சாலை என்பதன் முதல் எழுத்துகள். கிட்டத்தட்ட 800 சிசி, அதாவது நான்கு டம்ளர். பெரிய அட்வெஞ்சர் பைக்குகளின் தாய் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அதே 1980-இல் நம்ம ஓசூரில் டிவிஎஸ் 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். கால் டம்ளர் எஞ்சின். கியர் கிடையாது. பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதித்துப் போகலாம். அங்கே பாலைவனத்துக்காகச் செய்தார்கள். இங்கே பால்காரருக்கும் வாத்தியாருக்கும் செய்தார்கள்.

அந்த வாத்தியார்களில் நானும் ஒருவன். ஆசிரியர் பயிற்சி முடித்து, 1986-இல் சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு வேலை கிடைத்துப் போனேன். கடம்பூர் வரை பஸ். அதற்கப்புறம் மண் பாதை, நடுவில் பள்ளம். பள்ளம் என்றால் நம்மூர்ப் பேச்சில் காட்டோடை. மழை பெய்தால் செந்நிறத் தண்ணீர் புரண்டு வரும். ஆறு மாதம் நடந்தேன். பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு டிவிஎஸ் 50 வாங்கினேன்.

ஒரு ஐப்பசியில் பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. வண்டியை இக்கரையில் விட்டுவிட்டு நடந்து போகத் தயாரானேன். எதிரே வந்த நான்கு பேர், "ஏன் வாத்தியாரே, வண்டிய உட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டு, ஒரு நீளமான மூங்கிலில் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு அக்கரையில் இறக்கிவிட்டார்கள். அந்த மலையில் நோயாளிகளைப் போர்வையில் தூளி கட்டி, இப்படித்தான் மூங்கிலில் சுமந்து கீழே கொண்டுவருவார்கள். அதே மூங்கில்தான் என் வண்டிக்கும்.

அடுத்த வருடம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் கடும் காய்ச்சல். பின்னால் அவள் அம்மா, நடுவில் பிள்ளை, முன்னால் நான். அதே பள்ளத்தில் இறங்கி, தண்ணீர் குறைவாக இருந்த இடம் பார்த்துத் தள்ளி, கடம்பூர் போய் பஸ்ஸில் சத்திக்கு அனுப்பினேன். பிள்ளை பிழைத்தாள். அன்று என்னிடம் புல்லட் இருந்திருந்தால் அந்தக் கல்லுப் பாதையில், அந்தப் பள்ளத்தில், மூன்று பேரோடு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. கால் டம்ளர் வண்டி என்பதால் என்னால் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

கதையை மறுபடி ஓசூருக்குக் கொண்டுபோகிறேன். 2013-இல் பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து சிறிய வண்டிகள் செய்ய ஒப்பந்தம் போட்டன. அதில் பிறந்த ஜி 310 ஜிஎஸ் 2018-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 313 சிசி, ஒன்றரை டம்ளர். 1980-இல் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு வண்டிகளின் வம்சமும் ஓசூர் ஆலையில் சேர்ந்துகொண்டது என்று நான் சொல்லிக்கொள்வேன். அதற்கு முன்பே 2011-இல் ஹீரோ கம்பெனி 150 சிசியில் இம்பல்ஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அப்போது அது அவ்வளவாக எடுபடவில்லை. 2016-இல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 411 சிசி. 2019-இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200.

இவற்றின் சூட்சுமம் வேகத்தில் இல்லை. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டுக்கும் முன் சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் குழிக்குள் விழாமல் உருண்டு போய்விடும். மாட்டு வண்டிச் சக்கரம் பெரிதாக இருப்பதும் இதற்காகத்தான். எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி, அதனால் கல் அடிக்காது. ஷாக் அப்சார்பர் அதிக தூரம் இறங்கி ஏறும். நின்றுகொண்டே ஓட்ட வசதியாக ஹேண்டில்பார் உயரமாக இருக்கும். கரடு முரடில் முழங்காலை மடக்கி நின்று ஓட்டினால் இடுப்பு தப்பிக்கும். பிள்ளைகளா, இது மட்டும் உண்மையிலேயே நல்ல பாடம்.

ரிட்டையர் ஆன பிறகு இந்த வகையில் 200 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு இருபத்தேழு, எல்லாம் ஏறினேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். விடியற்காலையில் ஆனைமலைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும்போது எனக்கு இருபத்தாறு வயதுதான்.

இனி எழுதப்போவதுதான் இந்தப் பதிவின் காரணம். போன ஆவணியில் என் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். வீட்டில் சத்தி வரைக்கும் என்று மட்டும் சொன்னேன். பழைய பள்ளத்துக்கு இந்தப் பக்கம் உருட்டுக் கல்லில் முன் சக்கரம் வழுக்கி, வண்டி இடது பக்கம் சாய்ந்தது. தப்பு என்னுடையது, நடுக்கல்லில் பிரேக் பிடித்தேன். என் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. 150 கிலோவுக்கு மேல் எடை. தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. போனில் டவர் இல்லை. அது யானைக் காடு. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தேன்.

அப்புறம் ஒருவர் எக்ஸ்எல்லில் இரண்டு கட்டுத் தீவனத்தோடு வந்தார். வண்டியைத் தூக்கி என்னை எடுத்துவிட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "இவ்ளோ பெரிய வண்டிய ஏனுங்க இங்க தனியா கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அதே கல்லுப் பாதையில் காலை இரண்டு பக்கமும் ஊன்றி, தீவனத்தோடு பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

வீட்டில் கேட்டதற்கு, ஸ்டேண்டு போடும்போது காலில் இடித்துக்கொண்டது என்றேன். பொய். உங்களுக்கெல்லாம் முப்பது வருடம் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவன் சொன்ன பொய். மகளுக்கு அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காதுகுத்தில் அவள் அத்தனை பேர் முன்னால் சொன்னது கோபத்தில் இல்லை, பயத்தில். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வண்டி. ஆனால் இவ்வளவு வரலாறு பேசுகிற நான் அதிலுள்ள பாடத்தைப் படிக்கவில்லை. கரட்டுப் பாதைக்கு வேண்டியது எத்தனை டம்ளர் என்பதல்ல. விழுந்தால் நம்மால் தூக்க முடிகிறதா என்பதுதான். இருபத்தைந்து வயதுக்காரனுக்கு 150 கிலோ சின்ன வண்டி. எனக்கு அது பெரிய வண்டி. 1986-இல் நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கியபோதே இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முடிவு எடுத்துவிட்டேன். திருப்பூரில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவனுக்கு வண்டியைக் கொடுக்கிறேன். துணைக்கு ஆளில்லாமல் காட்டுப் பாதைக்குப் போகமாட்டேன் என்று சொல்லச் சொல்லித்தான் சாவியைத் தருவேன். எனக்கு ஒரு எக்ஸ்எல் 100 போதும். 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது, அரை டம்ளர். தோட்டத்துக்கும் சந்தைக்கும் அதில் போய்க்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பார்க்கும் ஆசை மட்டும் பாக்கி இருக்கிறது. தை மாதம் மழை நின்றதும் போகலாம் என்றிருக்கிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். காரானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி.

இதைப் பதிவிடும் முன் வீட்டம்மாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அரை மணி நேரம் அங்கயே கெடந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "நானும் வர்றேன் தை மாசம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மகளே, நீயும் படித்திருப்பாய். அப்பா பொய் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள் கண்ணு.