இடம்பெயர்ந்த நாற்காலிகளும் இடம்பெயராதவையும்: சண்டிகர், புதுச்சேரி அறைகலன்கள் குறித்து

நவீனத்துவ அறைகலன்களுள் பெரும்புகழ் பெற்றவை பலவும் கட்டடக் கலைஞர்களின் கைவண்ணம் என்பது தற்செயலன்று. கட்டடத்தையும் அதனுள் இடப்படும் நாற்காலியையும் ஒரே வடிவமைப்பின் உறுப்புகளாக அவர்கள் கருதினர். எனினும், புகழ் நாற்காலியைக் கட்டடத்திலிருந்து பிரித்தே கொண்டாடியது. 1929இல் பார்சிலோனா கண்காட்சியின் ஜெர்மானிய அரங்குக்காக மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் வடிவமைத்த நாற்காலி, அரங்கு மறு ஆண்டே பிரிக்கப்பட்ட பின்னரும் உலகெங்கும் அலுவலக வரவேற்பறைகளில் நிலைபெற்றது. இத்தகைய புகழுக்கு வடிவச் சிறப்பு மட்டும் காரணமன்று, இருந்த இடத்தைவிட்டு அகன்றதும் காரணம் என்பதை இந்தியச் சான்றுகள் இரண்டு காட்டுகின்றன.

முதற்சான்று சண்டிகர். லெ கொர்புசியேயின் உறவினரும் உடன் பணியாற்றியவருமான பியர் ழான்னரே 1951 முதல் 1965 வரை அங்கே தங்கி, புதிய தலைநகரின் அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தேக்காலும் பிரம்பாலும் எளிய அறைகலன்களை உருவாக்கினார். விரித்த கவராயம் போன்ற கால்களை உடைய நாற்காலி அவற்றுள் பெயர்பெற்றது. ஊர்ப் பட்டறைகளில் செய்யப்பட்ட இவ்வறைகலன்களின் ஆக்கத்தில் யூலி சௌதுரி முதலிய இந்தியக் கலைஞர்களுக்கும் பங்குண்டு. ஏலப் பட்டியல்களோ பெரும்பாலும் ழான்னரேயின் பெயரையே முன்னிறுத்துகின்றன. பிரம்பு கிழிந்ததும் மொட்டைமாடிகளில் குவிக்கப்பட்டுக் கழிவாக விற்கப்பட்ட நாற்காலிகளை ஐரோப்பிய வணிகர்கள் வாங்கிச் சென்று, செப்பனிட்டுப் பெருந்தொகைக்கு விற்றனர். சரக்குக் கணக்குக்காக எழுத்தர் எவரோ நாற்காலியின் பின்புறம் வண்ணத்தில் பொறித்த துறைப் பெயரும் எண்ணும், இன்று அதன் உண்மைத்தன்மைக்கான முத்திரையாக மதிக்கப்படுவது நகைமுரண்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி இதற்கு நேர்மாறானது. ஐதராபாத் நிஜாம் அரசின் நன்கொடையைக் கொண்டு எழுப்பப்பட்டதால் அப்பெயர் பெற்ற இதனை, தோக்கியோவில் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்தார். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த ஜார்ஜ் நகாஷிமா கட்டுமானத்தை மேற்பார்வையிட்டதோடு, அறைகளுக்கான தேக்கு அறைகலன்களையும் வடிவமைத்தார். விடுதியின் வடக்கு, தெற்கு முகப்புகளில் சுவருக்குப் பதிலாக, வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள் அமைந்துள்ளன. அறைக்கும் நடைவழிக்கும் இடையே, சாத்திய நிலையிலும் பார்வையை மறைத்துக் காற்றை உள்ளே விடும் தேக்குச் சட்ட நகர்கதவுகள் உள்ளன. சிற்றறை, மங்கிய ஒளி, குறுக்கே ஓடும் காற்று ஆகியவற்றோடு சேர்த்தே அங்குள்ள கட்டிலும் மேசையும் பொருள்படுகின்றன. தனியே எடுத்துக் காட்சிக்கு வைத்தால் அவை வெறும் நல்ல தச்சுவேலையாகவே தோன்றும்.

நகாஷிமா பின்னர் அமெரிக்கா திரும்பி, போர்க்காலத்தில் ஜப்பானிய வழியினருக்கான தடுப்பு முகாமில் அடைபட்டு, 1943இல் விடுதலையானபின் பென்சில்வேனியாவில் பட்டறை நிறுவிப் பெரும்புகழ் ஈட்டினார். அவரது பெயர் அங்கே செய்த மேசைகளாலேயே பேசப்படுகிறது. புதுச்சேரியில் செய்தவை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. விடுதி இன்றும் ஆசிரமத்தார் தங்குமிடமாகவே இயங்கிவருவதும், அதன் பராமரிப்பு அன்றாட ஒழுங்கின் பகுதியாக விளங்குவதும் இதற்குக் காரணங்கள் எனக் கொள்ளலாம். பழுதானது உடனே சீராகும் இடத்தில் கழிவு உண்டாவதில்லை. கழிவு இல்லையேல் சேகரிப்போர்க்கு வேலையில்லை.

சண்டிகரின் மரபுச் சிறப்புடைய அறைகலன்களை விற்பதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் இந்திய உள்துறை அமைச்சகம் 2011இல் தடை விதித்தது. தடையாணை நாற்காலியை நகரில் நிறுத்தலாமேயன்றிக் கிழிந்த பிரம்பைப் பின்னித் தராது. ஆகவே அரசு அலுவலகங்களின் ஆண்டு வரவு செலவில் தச்சருக்கும் பிரம்பு பின்னுவோருக்கும் நிலையான ஒதுக்கீடு தேவை.