ஒன்றுக்கு எத்தனை தண்ணீர்?

கொரோனா தொடங்கிய 2020-ல், அலுவலகங்களையும் பொது இடங்களையும் கிருமிநீக்கம் செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 1 சதவீதக் குளோரின் கரைசல் தயாரிக்க அதில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். 3.5 சதவீதம் என்றால் 1-க்கு 2.5. சரிதான். அடுத்த இடத்தில், 70 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 7 கிராம் என்று போட்டிருக்கு. நீங்களே பெருக்கிப் பாருங்க. 7 கிராமில் 70 சதவீதம் 4.9 கிராம். லிட்டருக்கு 4.9 கிராம் என்பது அரை சதவீதம்தானே?

இன்னொன்றும் இருக்கு. நம்ம ஊர்க் கடையில் கிடைக்கும் சாதா பிளீச்சிங் பவுடரில் 70 ஏது? புதுசாக இருக்கும்போதே 33 சதவீதம் பக்கம்தான். அதில் 7 கிராம் போட்டால் கால் சதவீதம்கூட வராது. ஒரு சதவீதம் வேணும்னா 30 கிராம் போடணும்.

தரை, மேஜைக்கு 0.1 சதவீதமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதால் கிருமி விஷயத்தில் தப்பித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கணக்குப் பிசகு எப்போதும் நீர்த்த பக்கமே போகும் என்று யார் சொன்னது? அதே ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் சந்தையில் ஆட்கள் மேலேயே மருந்து தெளிக்கும் கூடாரம் வந்தது, அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் வந்தது. ஆட்கள் மேல் தெளிக்காதீர்கள் என்று அமைச்சகம் ஏப்ரல் 18-ல் சொன்னது. கூடாரத்துக்குள் நடந்து போனவர் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார். தெருத் தெருவாக முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு தெளித்த தூய்மைப் பணியாளருக்கு அது நாள் முழுக்கக் கண்ணிலும் மூக்கிலும்.

இந்தத் திரவத்தின் பூர்வீகம் உப்பு. முத்துக்குளிப்புக்குப் பேர்போன நம்ம தூத்துக்குடிக் கரையில் இன்றைக்குச் சோறு போடுவதும் உப்புதான். ஆறுமுகநேரி பக்கம் சாகுபுரத்தில் 1950-களின் கடைசியில் வந்த ஆலை அந்த உப்பிலிருந்துதான் காஸ்டிக் சோடா எடுக்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் வரும். குளோரினைத் திரும்பக் காஸ்டிக்கில் விட்டால் ஹைப்போகுளோரைட்.

வேடிக்கை என்னன்னா, உப்பளத்தில் எல்லாமே அளவு. கடல் தண்ணீர் 3 டிகிரி சொச்சம், 25-க்கு வந்தால் பாத்தியில் உப்பு விளையும், 29-ஐத் தாண்டினால் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வெளியேற்றணும். இந்த 'டிகிரி' பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768-ல் கொடுத்தது. நல்ல தண்ணீர் 0, நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசல் 15 என்று உப்பை வைத்தே அளவுகோலைக் குறித்தார். அந்த உப்பு கேனுக்குள் ஹைப்போவாகப் போனபிறகு கைக்கணக்கு ஆகிவிடுகிறது.

வெளுப்புத் திரவத்தை அளக்கவும் அதே பிரான்ஸில்தான் வழி தேடினார்கள். 1780-களில் பெர்த்தொலே குளோரினால் துணி வெளுக்கலாம் என்று காட்டினார். வீரியம் கூடினால் துணி இற்றுப்போகும், குறைந்தால் வெளுக்காது. ருவான் நகரத்து தெக்ருவாசில் அவுரி நீலக் கரைசலை எடுத்து, இந்தத் திரவம் எவ்வளவு நீலத்தைப் போக்குது என்று பார்த்தார். 1824-ல் கே-லுசாக் அதைத் திருத்தினார். கேன் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல், உள்ளே இருப்பதையே கேட்கும் முறை இது.

நம்ம மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஹாரக்ஸ் கருவியும் இந்த வம்சம்தான். ஆறு வெள்ளைக் கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாக பிளீச்சிங் கரைசல். அரை மணி கழித்து ஸ்டார்ச்-அயோடைடு விடணும். முதலில் நீலம் காட்டும் கோப்பை மூன்றாவது என்றால், 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். பவுடர் பழசா, தண்ணீர் அழுக்கா என்பதெல்லாம் அந்த நிறத்திலேயே அடங்கிவிடும்.

இப்போ பாசி பிடித்த சுவருக்கும் தளத்துக்கும் பிரஷர் வாஷர் வந்தாச்சு. '1:9' என்றால் ஒரு பங்கு மருந்து, ஒன்பது பங்கு தண்ணீர், மொத்தம் பத்து. 10 சதவீத கேன் அப்போதான் 1 சதவீதம் ஆகும். அதை மெஷினின் மருந்து உறிஞ்சும் குழாய் வழியாக விட்டால் உள்ளே ஓடும் தண்ணீர் இன்னொரு பத்து மடங்கு நீர்க்கவைக்கும். ஆக, சுவரில் படுவது 0.1 சதவீதம். பாசி அசையாது. உடனே கேனை நேராகக் கவிழ்ப்பார்கள். கேனிலும் 10 இருக்கும் என்று நிச்சயமில்லை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஹைப்போ சிதையும் வேகம் சுமார் மூன்று மடங்கு. தகரக் கொட்டகையில் தூத்துக்குடி மே மாதத்தைக் கழித்த கேனில் என்ன மிச்சம் இருக்கும்னு லேபிளுக்குத் தெரியாது. குளோரின் சோதனைத் தாள் ஒன்றைத் தோய்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அடர்த்தியான மருந்தாக இருந்தால், எத்தனை மடங்கு நீர்க்கவைத்துத் தோய்த்தோமோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளணும்.