சிம்மாசனம் சரிந்தபின் எழுந்த பாட்டு



தமிழில் ‘கோயில்’ என்ற சொல் அரசன் வாழும் இல்லத்தையும் குறித்தது. இறைவன் உறையும் இல்லத்தையும் குறித்தது. எபிரேய மொழியிலும் ‘ஹேகால்’ என்ற சொல் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் பொதுவாய் வழங்கியது. இதனை அறிந்த நாள் முதல், சங்கீதங்களுக்குள் ஓர் அரசவையையும் நான் காணத் தொடங்கினேன்.

150 சங்கீதங்களுள் 47, 93, 95 முதல் 99 வரையானவை கடவுளை அரசராகப் பறைசாற்றுவன. எக்காளம் முழங்குகிறது, மக்கள் கைகொட்டுகின்றனர், கடல் ஆர்ப்பரிக்கிறது, காட்டு மரங்களும் களிக்கின்றன. முடிசூட்டு விழாவின் ஆரவாரமே அது. நோர்வே நாட்டு அறிஞர் சிக்மண்ட் மோவின்கல் 1922இல் இவ்வகைப் பாடல்களை ஆராய்ந்தார். பாபிலோனியர் தமது புத்தாண்டில் மார்டுக் தெய்வத்தின் அரசாட்சியைக் கொண்டாடியதுபோல, எருசலேமிலும் ஆண்டுதோறும் கடவுளின் அரியணையேற்றம் கொண்டாடப்பட்டிருக்க வேண்டும் என்றார். ‘மாலாக்’ என்னும் வினைக்கு ‘அரசரானார்’ என்று அவர் பொருள் கொண்டார். என்றும் அரசராயிருப்பவர் புதிதாக அரசராவது எங்ஙனம் என வினவியோர், ‘அரசாளுகிறார்’ என்பதே பொருந்தும் என்றனர்.

எனக்கோ, இப்பாடல்கள் பெரும்பாலும் அமைந்திருக்கும் இடமே பெரிதாகப் படுகிறது. சங்கீதநூல் ஐந்து பகுதிகளைக் கொண்டது. மூன்றாம் பகுதியை முடிக்கும் 89ஆம் சங்கீதம், தாவீதுக்கு அளித்த வாக்குறுதி என்னாயிற்று என்று கடவுளையே கேட்கிறது. கி.மு. 587 அளவில் எருசலேம் வீழ்ந்தது. ஆலயம் எரிந்தது. கடைசி மன்னன் சிதேக்கியா கண்கள் பறிக்கப்பட்டு, விலங்கிடப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டான்.

அடுத்த பகுதியோ மோசேயின் பெயரிலான 90ஆம் சங்கீதத்தோடு தொடங்குகிறது. மோசே, இஸ்ரவேலில் மன்னர்கள் தோன்றுமுன் வாழ்ந்தவர். அவரைத் தொடர்ந்தே 93ஆம் சங்கீதம் முதலாகக் கடவுளின் அரசு முழங்குகிறது. இவ்வொழுங்கு தற்செயலானதன்று, தொகுத்தோரின் மறுமொழி என்று 1985இல் ஜெரால்ட் வில்சன் விளக்கினார்.

முடியிழந்த ஒரு சமூகம் இங்ஙனம் பாடியது வெறும் ஆறுதலுக்காகவா? அல்லவென்றே நான் எண்ணுகிறேன். 99ஆம் சங்கீதத்தின் அரசர் நீதியை விரும்புகிறவர். மேலே அத்தகைய அரசர் இருக்கையில், வென்றவனின் சிம்மாசனமும் விசாரணைக்கு உட்பட்டதே. இன்றும் யூதர்கள் பலர் வெள்ளிக்கிழமை மாலையில், ஓய்வுநாளை வரவேற்று 95 முதல் 99 வரையான சங்கீதங்களை ஓதுகின்றனர். பாபிலோனின் அரியணை மண்ணாகி நெடுங்காலமாயிற்று. அதன் நிழலில் வாழ்ந்தவர்களின் பாட்டு இன்னும் ஓயவில்லை.