நோட்.ஜேஎஸ் பாதுகாப்புக் குறைபாடுகள்

நோட்.ஜேஎஸ் பாதுகாப்புக் குறைபாடுகள் என்பவை, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை வழங்கிக் கணினிகளில் இயக்கும் நோட்.ஜேஎஸ் என்னும் திறமூல மென்பொருளில் கண்டறியப்பட்ட, தாக்குதலுக்கு இடமளிக்கும் வழுக்கள் ஆகும். உலாவிக்காக உருவாக்கப்பட்ட ஒரு பொறியை வழங்கியில் பயன்படுத்துவதால், உலாவியில் சிறு தொல்லையாக முடியும் ஒரு வழு இங்கு ஒரு வலைத்தளம் முழுவதையும் முடக்கிவிடக்கூடும். ஒருமுறை திருத்தப்பட்ட குறைபாடு சில ஆண்டுகளில் வேறு வடிவில் திரும்பி வந்ததும் உண்டு.

பின்னணி

நோட்.ஜேஎஸ் மென்பொருளை ரையன் டால் 2009 ஆம் ஆண்டில் உருவாக்கினார். கூகுள் நிறுவனம் தனது குரோம் உலாவிக்காக 2008 இல் வெளியிட்ட வி8 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் பொறியே இதன் அடிப்படையாகும்.

உலாவி தனக்கு வந்துசேரும் நிரலை நம்புவதில்லை. அறிமுகமற்ற ஒரு தளத்தின் நிரல் பயனரின் கோப்புகளைத் தொட இயலாதவாறு அது அடைத்து வைக்கப்படுகிறது. நோட்.ஜேஎஸ் இதற்கு நேர்மாறானது. நிரல் வழங்கியின் உரிமையாளருடையது என்பதால், கோப்புகளைப் படிக்கவும், பிணைய இணைப்புகளைத் திறக்கவும், பிற நிரல்களைத் தொடங்கவும் அதற்கு உரிமை உண்டு. ஐயத்திற்கு உரியவை வெளியிலிருந்து வரும் தரவுகள் மட்டுமே.

மற்றொரு அடிப்படை இயல்பு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒற்றை இழையில் இயங்குவது. ஒரே எழுத்தர் அமர்ந்திருக்கும் முன்பதிவுச் சாளரத்துடன் இதனை ஒப்பிடலாம். வட்டிலிருந்தோ பிணையத்திலிருந்தோ விடை வரவேண்டிய வேலைகளை எழுத்தர் ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். ஆகையால் வரிசை விரைவாக நகரும். ஆனால் எழுத்தரே அமர்ந்து நெடுநேரம் கணக்கிட வேண்டிய வேலை ஒன்று வந்துவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். நோட்.ஜேஎஸ் வழங்கிகள் மீதான சேவை மறுப்புத் தாக்குதல்கள் பலவற்றின் நோக்கம் அத்தகைய ஒரு வேலையை எழுத்தரிடம் தந்திரமாகக் கொடுப்பதேயாகும்.

ஹாஷ் மோதல் தாக்குதல்

மேற்கூறிய இயல்புக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஹாஷ் மோதல் தாக்குதல் ஆகும். பெயர்களையும் அவற்றுக்குரிய மதிப்புகளையும் சேமிக்கப் பயன்படும் ஹாஷ் அட்டவணை, ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய இடத்தில் அப்பெயரை வைக்கிறது. பெயர்கள் பல இடங்களில் பரவியிருக்கும் வரை தேடல் விரைவாக நடைபெறும். எல்லாப் பெயர்களுக்கும் ஒரே எண் கிடைக்குமாறு ஒருவர் திட்டமிட்டு அனுப்பினால், புதிதாக வரும் ஒவ்வொரு பெயரையும் முன்பு வந்த அனைத்துடனும் ஒப்பிட நேரிடும். இவ்வாறு 1,00,000 பெயர்கள் வந்தால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். ஒரு சாதாரணப் படிவத்தை அனுப்பும் வேண்டுகோளே இதற்குப் போதுமானது.

இக்கருத்தை ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். பெர்ல் மொழி அதே ஆண்டில் தன்னைத் திருத்திக்கொண்டது. மற்ற மொழிகள் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடைபெற்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே ஆகியோர் இதே தாக்குதலைப் பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி எனப் பல மொழிகளுக்குச் செய்துகாட்டிய பின்னரே நிலைமை மாறியது. வி8 பொறியும் அப்பட்டியலில் இருந்தது. 2012 இன் தொடக்கத்தில் இதற்கான திருத்தம் நோட்.ஜேஎஸ் மென்பொருளில் சேர்க்கப்பட்டது. நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எழுமாற்றாக ஒரு வித்து எண் தெரிவு செய்யப்பட்டுக் கணக்கில் கலக்கப்படும். அவ்வெண்ணை அறியாத தாக்குபவரால் மோதும் பெயர்களை முன்கூட்டியே தயாரிக்க இயலாது.

2017 இல் இப்பாதுகாப்பு செயலிழந்திருப்பது தெரியவந்தது. நிரல் விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக, பொறியின் தொடக்க நினைவக நிலையை முன்கூட்டியே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் முறை நோட்.ஜேஎஸ் மென்பொருளில் இயல்பாக இயக்கப்பட்டிருந்தது. அப்பதிவில் வித்து எண்ணும் சேர்ந்திருந்தது. தொடங்கும்போது எழுமாற்றாகத் தெரிவான எண்ணின் மேல் பதிவிலிருந்த பழைய எண் எழுதப்பட்டதால், ஒரே பதிப்பைத் தரவிறக்கிய அனைவரிடமும் ஒரே வித்து எண் இருந்தது. தாக்குபவரும் அதே பதிப்பைத் தரவிறக்க முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 4 முதல் 8 வரையிலான பதிப்பு வரிசைகள் பாதிக்கப்பட்டன. 2017 ஜூலை 11 அன்று வெளியான திருத்தத்தில் ஸ்னாப்ஷாட் முறை நிறுத்தி வைக்கப்பட்டது. பதிவை ஏற்றியபின் அட்டவணைகளைப் புதிய வித்து எண்ணுடன் மீண்டும் கணக்கிடும் வசதி பின்னர் வி8 பொறியில் உருவாக்கப்பட்டது.

மூன்றாம் முறையாக இக்குறைபாடு 2025 இல் தோன்றியது. பதிப்பு 24 இல் இடம்பெற்ற வி8 பொறி, சரங்களின் ஹாஷ் எண்ணைக் கணக்கிட ரேபிட்ஹாஷ் என்னும் விரைவான வழிமுறைக்கு மாறியிருந்தது. அதில் வித்து எண்ணை அறியாமலேயே மோதல்களை உருவாக்க முடியும் என்பது கண்டறியப்பட்டு, 2025 ஜூலையில் திருத்தப்பட்டது. வி8 குழுவினர் இதனைப் பாதுகாப்புக் குறைபாடாகக் கருதவில்லை. நோட்.ஜேஎஸ் குழுவினர் கருதினர். இரு தரப்பினரின் நிலைப்பாடும் ஏற்கத்தக்கதே எனலாம். உலாவியில் மோதல்களை உருவாக்கும் பக்கம் பெரும்பாலும் தன்னையே மந்தமாக்கிக்கொள்ளும். வழங்கியிலோ ஒருவர் அனுப்பும் வேண்டுகோளுக்காக மற்ற அனைவரும் காத்திருக்க நேரிடும். 2017 இலும் 2025 இலும் பாதுகாப்பைக் குலைத்தவை வேகத்திற்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

எழுத்துக் குறியாக்கமும் வேண்டுகோள் பிளப்பும்

2018 நவம்பரில் திருத்தப்பட்ட மற்றொரு குறைபாடு ஒருங்குறியுடன் தொடர்புடையது. 6, 8 ஆகிய பதிப்பு வரிசைகள், உள்ளடக்கம் இல்லாத எச்டிடிபி வேண்டுகோளை எழுதும்போது லத்தீன்-1 குறியாக்கத்தைப் பயன்படுத்தின. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு மட்டுமே உண்டு. ஆகவே 255 க்கு மேற்பட்ட எண்ணைக் கொண்ட எழுத்து வந்தால், அதனை 256 ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதி மட்டுமே எழுதப்பட்டது. எச்டிடிபி நெறிமுறையில் 13, 10 என்னும் எண்களே வரியின் முடிவைக் குறிக்கின்றன. மீதியாக இவ்வெண்களைத் தரும் எழுத்துகளை முகவரியில் வைத்து அனுப்பினால், சரிபார்க்கும்போது தீங்கற்ற எழுத்துகளாகத் தோன்றியவை அனுப்பும்போது வரி முடிவுகளாக மாறிவிடும். ஒரு வேண்டுகோள் இரண்டாகப் பிளந்து, தாக்குபவர் எழுதிய இரண்டாம் வேண்டுகோள் உட்பிணையத்தில் உள்ள வேறொரு வழங்கியைச் சென்றடையும்.

தேவநாகரியின் ஊகார உயிரெழுத்தின் ஒருங்குறி எண் 2314. இதன் மீதி 10. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட எண்கள் 2944 முதல் 3071 வரை இருப்பதால் மீதி எப்போதும் 128 க்குக் குறையாது. எனவே தமிழ் எழுத்துகள் சிதைந்திருக்குமே தவிர, வரி முடிவாக மாறியிருக்க இயலாது. பதிப்பு 10 இத்தகைய முகவரிகளை ஏற்காமல் ஏற்கெனவே பிழை காட்டி வந்தது.

அதே மாதத் திருத்தத்தில் வேண்டுகோள் தலைப்புகளின் மொத்த அளவு 80 கிலோபைட்டிலிருந்து 8 கிலோபைட்டாகக் குறைக்கப்பட்டது. பெரிய குக்கிகளைப் பயன்படுத்திய தளங்கள் இதனால் இடருற்றன. பின்னர் இவ்வரம்பை மாற்றும் வசதி தரப்பட்டதுடன், 2020 இல் இயல்பு அளவு 16 கிலோபைட்டாக உயர்த்தப்பட்டது.

துடைக்கப்படாத நினைவகம்

பைட்டுகளைக் கையாளும் பஃபர் என்னும் வகைக்குச் சரத்தைக் கொடுத்தால் அதன் பைட்டுகள் கிடைக்கும். எண்ணைக் கொடுத்தால் அவ்வளவு பைட்டு நினைவகம் துடைக்கப்படாமலேயே ஒதுக்கப்பட்டது. சரம் எதிர்பார்க்கப்படும் இடத்தில் தாக்குபவர் ஓர் எண்ணை அனுப்பினால், முன்பு அங்கிருந்த கடவுச்சொல் போன்ற தரவுகள் விடையாக வெளியேற வாய்ப்பிருந்தது. 2016 இல் வெப்சாக்கெட் இணைப்புகளுக்கான புகழ்பெற்ற ஒரு பொதியில் இவ்வழு கண்டறியப்பட்டது. பதிப்பு 6 இல் இரு பயன்பாடுகளுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் பரிந்துரைக்கப்பட்டன. 2017 இல் வெளியான பதிப்பு 8 முதல் பழைய முறையிலும் நினைவகம் துடைக்கப்படுகிறது.

அனுமதி முறை

உலாவியில் இருந்த அடைப்பை வழங்கிக்குக் கொண்டுவராமல் விட்டது குறித்து ரையன் டாலே 2018 இல் பெர்லினில் ஆற்றிய உரையில் வருந்தினார். அதே உரையில் டீனோ என்னும் புதிய மென்பொருளையும் அறிமுகம் செய்தார். டீனோவில் கோப்பையோ பிணையத்தையோ அணுக வெளிப்படையான அனுமதி தேவை.

நோட்.ஜேஎஸ் மென்பொருளில் இத்தகைய அனுமதி முறை 2023 இல் பதிப்பு 20 உடன் சோதனை முயற்சியாக வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டிலேயே அதில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கோப்புப் பாதையைச் சரமாகக் கொடுக்காமல் பஃபராகக் கொடுத்து, இரட்டைப் புள்ளிகள் மூலம் மேல் அடைவுக்கு ஏறிச்சென்றால் சரிபார்ப்பு அதனைப் பிடிக்கவில்லை. அது அடைக்கப்பட்டது. அக்டோபரில், பஃபருக்கு மூலமான பைட்டு அணி வகையில் பாதையைக் கொடுத்தால் அதே ஓட்டை திறந்தே இருப்பது தெரிந்தது.

விண்டோசில் கட்டளைச் செருகல்

2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட இக்குறைபாடு நோட்.ஜேஎஸ் மட்டுமன்றி வேறு சில மொழிகளையும் பாதித்தது. விண்டோஸ் இயங்குதளத்தில் தொகுதிக் கட்டளைக் கோப்புகளைத் தொடங்கும்போது, கேட்காமலேயே கட்டளைச் செயலி இடையில் அழைக்கப்படுகிறது. ஆகவே உள்ளீடாகக் கொடுக்கப்பட்ட சொல் கட்டளையாக இயங்க முடிந்தது. முதல் திருத்தம் முழுமையற்றது எனக் கண்டு, 2024 ஜூலையில் மீண்டும் திருத்தினர்.

குறைபாடாகக் கருதப்படாதவை

என்பிஎம் களஞ்சியத்திலிருந்து பெறப்படும் பொதியில் தீய நிரல் இருப்பதை நோட்.ஜேஎஸ் திட்டம் தனது குறைபாடாக ஏற்பதில்லை. இயக்கச் சொன்ன நிரலை நம்புவது அதன் அடிப்படை விதி. 2018 இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்னும் பரவலான பொதியின் பராமரிப்பைக் கேட்டுப் பெற்ற ஒருவர், பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்த நிரலை அதனுள் நுழைத்தார். வழங்கியை இயக்குபவருக்கு இழப்பு ஒன்றுதான் என்றாலும், திருத்த வேண்டிய இடம் வேறு.

திருத்தங்கள் ஆதரவுக் காலத்தில் உள்ள பதிப்பு வரிசைகளுக்கே வெளியிடப்படுகின்றன. பதிப்பு 16, தான் சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 நூலகத்தின் ஆதரவு முடிவதை ஒட்டி, திட்டமிட்டதற்கு ஏழு மாதங்கள் முன்னதாக 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது.